அப்பாவின் 555 நோட்டும் ஒரு ஃபோர்ட் லேசரும்

போன வாரம் அப்பாவின் இரும்பு அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அடித்தட்டில் ஒரு பிளாஸ்டிக் பை அகப்பட்டது. உள்ளே நான்கு 555 நோட்டுகள். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்ன நோட்டு. அப்பா அதில் எழுதி வைத்திருந்தது கார்க் கணக்கு.

முதல் பக்கத்தில் தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, எத்தனை ரிங்கிட் செலவு என்று இப்படி இருந்தது: '12.8.89. 61,240. எண்ணெய், ஃபில்டர். 28 வெள்ளி. சத்தம் இல்லை.'

அந்த 'சத்தம் இல்லை' என்ற இரண்டு சொல்லைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான்கு நோட்டிலும் ஏறக்குறைய ஒவ்வொரு வரியும் அப்படித்தான் முடிகிறது.

அப்பா கோலாலம்பூரில் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அந்தப் பட்டறை பிறகு பத்து காஜாவுக்குப் போய்விட்டது, ஆனால் எங்கள் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை முழுக்க அதன் சங்கு ஊதும் நேரத்தை வைத்துத்தான் நடந்தது. 1989ல் அவர் வாங்கிய பழைய காரின் பெயர் ஃபோர்ட் லேசர். 1983ஆம் ஆண்டு வண்டி, 1300 சிசி, வெளிர்நீல நிறம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டைத் திறந்து வைத்து, ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். டாக்டர் நெஞ்சைக் கேட்பது போல. எனக்கு அப்போது 10 வயது. டார்ச் பிடிப்பது என் வேலை.

குவார்ட்டர்ஸில் எல்லாரும் அந்தக் காரை 'அமெரிக்கக் கார்' என்பார்கள். செகாம்புட்டில் இருந்த எங்கள் பொமேன், அதாவது கார் மெக்கானிக், மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார். அப்பா 'தவுக்கே' (முதலாளி) என்று கூப்பிடும் சீனப் பெரியவர் அவர். இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். 'பெயர்தான் ஃபோர்ட். உள்ளே எல்லாம் மாஸ்டா' என்பார் அவர், ஒவ்வொரு தடவையும், புதிதாகச் சொல்வது போல.

அவர் சொன்னது சரி. 1979ல் ஃபோர்ட் நிறுவனம் மாஸ்டாவில் கால் பங்கு வாங்கியது. 1981ல் வந்த லேசர், மாஸ்டா 323 காரின் உடன்பிறப்பு. ஃபோர்டின் இன்னொரு காரான டெல்ஸ்டார் என்பது மாஸ்டா 626. அதனால் எங்கள் வண்டிக்கு உதிரி பாகம் என்றைக்கும் பஞ்சமில்லை. பழைய கார்களை வெட்டிப் பாகமாக விற்கும் ஹாஃப்கட் கடையில் 323க்கு உரியதைக் கேட்டு வாங்கிப் பூட்டிவிடலாம். ஒரு கார் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதில் பாதி அது செய்யப்பட்ட விதம் என்றால், மீதிப் பாதி அதற்குப் பக்கத்து ஊரில் பாகம் கிடைக்கிறதா என்பதுதான். விளம்பரங்களில் இந்த மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை.

எங்கள் குடும்பத்துக்கும் ஃபோர்டுக்கும் உள்ள சம்பந்தம் லேசருக்கு வெகு முன்பே தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன். தாத்தா 1925ல், 10 வயதுப் பையனாக, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். விடிவதற்கு முன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பிறகு மரம் மரமாகப் போய்க் கோடு கிழித்துப் பால் வடியும் மங்கு மாட்டுவது. அந்தப் பால் எங்கே போகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போயிருக்கிறது, டயராக மாற.

1908ல் ஹென்றி ஃபோர்ட் மாடல் டி காரைக் கொண்டுவந்தார். 1913ல் நகரும் வரிசையில் கார் பூட்டும் முறை வந்ததும், காரின் அடிச்சட்டமான சேஸி ஒன்றைப் பூட்ட ஆன 12 மணிக்கு மேற்பட்ட நேரம் ஒன்றரை மணியாகக் குறைந்தது. 850 டாலரில் தொடங்கிய விலை 1925 வாக்கில் 260 டாலருக்கு இறங்கியது. 1927க்குள் 15 மில்லியன் கார்கள். அத்தனைக்கும் டயர் வேண்டும், அத்தனை டயருக்கும் ரப்பர் வேண்டும். மலாயாவில் காடு அழிந்து தோட்டமானதும், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்ததும் இந்தப் பசியால்தான்.

1922ல் பிரிட்டிஷ் அரசு மலாயா, இலங்கை ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. விலை ஏறியது. நாமே ரப்பர் வளர்ப்போம் என்று ஃபோர்ட் பிரேசிலில் 2.5 மில்லியன் ஏக்கர் வாங்கி ஃபோர்ட்லாண்டியா என்று ஒரு ஊரையே கட்டினார். மரங்களை நெருக்கி நட்டார்கள், மலாயாவில் நடுவது போல. ஆனால் அந்த மண்ணில் இலைகளைத் தின்னும் பூஞ்சை நோய் உண்டு. மரத்திலிருந்து மரத்துக்குத் தாவி எல்லாவற்றையும் மொட்டையாக்கியது. 1945ல் நிலத்தைப் பிரேசில் அரசிடமே கொடுத்துவிட்டார்கள். ஃபோர்ட் அந்த ஊருக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. என் தாத்தாவைக் கேட்டிருந்தால் மரத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியிருப்பார்.

மாடல் டி நம்பகமான காரா? அதன் சொந்தக்காரர்கள் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் அவர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். முன்னால் நின்று கைப்பிடி சுற்றி எஞ்சினைக் கிளப்பும்போது, அது திருப்பி அடித்தால் மணிக்கட்டு ஒடியும். பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினுக்குப் போகும் அமைப்பு, பம்ப் கிடையாது. டாங்கில் குறைவாக இருக்கும்போது மேடு ஏறினால் எஞ்சின் நின்றுவிடும், அதனால் ரிவர்ஸிலேயே மலை ஏறுவார்கள். இத்தனைக்கும் மக்கள் அதை நேசித்ததற்குக் காரணம், ஒரு குடியானவன் தன் கொட்டகையில், கையில் இருக்கும் ஸ்பானரை வைத்தே அதைச் சரிசெய்துவிடுவான். பழுதே வராத வண்டி அல்ல அது. பழுது பிடிபடும் வண்டி.

நம் பக்கத்திலும் ஃபோர்டின் கால் பதிந்திருக்கிறது. சிங்கப்பூரில் 1926ல் கம்பெனி தொடங்கினார்கள். புக்கிட் தீமாவில் 1941ல் திறந்த அவர்களுடைய தொழிற்சாலையில்தான் 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சரணடைந்தார். கட்டடம் இப்போது அருங்காட்சியகம். அப்பாவை ஒரு தடவை அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

சரி, லேசருக்கு வருகிறேன்.

1990ல் தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை அப்போது முழுசாக முடியவில்லை. தாப்பா, கம்பார், ஈப்போ என்று பழைய சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனோம். பின் சீட்டில் நான், தம்பி, அத்தை, ஒரு பித்தளைக் குடம். கோலகங்சாரில் அப்பா வண்டியை நிறுத்தி, மாவட்ட அலுவலகம் பக்கத்தில் வேலி போட்டிருந்த ஒரு கிழட்டு ரப்பர் மரத்தைக் காட்டினார். 1877ல் இந்த நாட்டுக்கு வந்த கன்றுகளில் மிஞ்சியது. 'உன் தாத்தாவுக்குச் சோறு போட்ட சாமி' என்று அதைத் தொட்டுக் கும்பிட்டார். இருட்டும்போது பினாங்குப் பாலத்தில் ஏறினோம். 13.5 கிலோமீட்டர், ஜன்னலெல்லாம் இறக்கிவிட்டு. நோட்டில் அந்த நாளுக்கு ஒரே வரிதான்: 'பினாங்கு. தண்ணீர் குறையவில்லை. சத்தம் இல்லை.'

ஏன் சத்தம் இல்லை என்ற கேள்விக்குப் பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் பதில் கிடைத்தது. 1980களின் தொடக்கத்தில் ஃபோர்ட் ஒரு ஆட்டோ கியர்பாக்ஸை அமெரிக்காவில் தானும் செய்தது, அதே வரைபடத்தை மாஸ்டாவிடம் கொடுத்தும் செய்ய வைத்தது. ஜப்பானில் செய்தது பொருத்திய கார்களில் சத்தம் குறைவு, புகார்களும் குறைவு. எஞ்சினியர்கள் இரண்டையும் பிரித்து அளந்தார்கள். அமெரிக்கப் பாகங்களில் தப்பே இல்லை. எல்லாம் அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தன, ஆனால் சில இந்த ஓரத்தில், சில அந்த ஓரத்தில். மாஸ்டாவின் பாகங்களோ எல்லாம் நட்ட நடுவில், ஒன்றைப் போலவே ஒன்று. ஓரத்தில் நிற்கும் பத்து பாகம் ஒரே பெட்டிக்குள் சேர்ந்தால், அந்தச் சின்னச் சின்ன இடைவெளி கூடித்தான் சத்தமாகிறது, தேய்மானமாகிறது.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. 'அளவுக்குள்ள இருந்தா இன்ஸ்பெக்டர் விட்டுருவாரும்மா. ஆனா பேரிங் விடாது' என்றார். 30 வருஷம் ரயில் சக்கரத்தோடு இருந்தவருக்கு இது பாடமில்லை, பழக்கம்.

ஃபோர்ட் அந்தப் பாடத்தை மனசார ஏற்றுக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானியர்களுக்கு 1950லேயே தரம் பற்றி வகுப்பெடுத்த டெமிங் என்ற அமெரிக்கரை, 1981ல்தான் ஃபோர்ட் கூப்பிட்டுக் கேட்டது. சொந்த ஊர்க்காரரின் பேச்சைக் கேட்க 30 வருஷம். அதற்கு முந்தைய பத்தாண்டில் நடந்தது வேறு கதை. பிண்டோ என்ற சின்னக் காரில் பெட்ரோல் டாங்கைப் பின் அச்சுக்கும் பம்பருக்கும் நடுவே வைத்திருந்தார்கள். பின்னால் மோதினால் தீப்பிடித்தது. ஆட்கள் எரிந்து செத்தார்கள். 1978ல்தான் ஏறக்குறைய 1.5 மில்லியன் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். படிக்கும்போது எனக்கு வயிறு கலங்கியது. ஒரு தகட்டின் விலையை உயிரோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கும் மனசு எப்படி வருகிறது?

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கத் தொடங்கியது என் சொந்தக் காரால். 2013ல் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். ஃபோர்ட் அல்ல, வேறொரு நிறுவனம். பெயர் வேண்டாம். ஒரு வருஷத்தில் கியர்பாக்ஸ் உதறத் தொடங்கியது. ஜாலான் கூச்சிங் நெரிசலில், அரை அடி அரை அடியாக நகரும்போது, பின்னாலிருந்து யாரோ இடிப்பது போல ஒரு குலுக்கல். சர்வீஸ் சென்டரில் மூன்று தடவை ஒரே பதில்: 'ஒன்றுமில்லை, நீங்கள் ஓட்டும் விதம் அப்படி.' 15 வருஷமாகக் கார் ஓட்டுகிற என்னிடம். கடைசியில் வெளியே ஒரு பட்டறையில் 7,400 வெள்ளி கொடுத்து மாற்றினேன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு 5 வெள்ளி கட்டி மனு போட்டிருக்கலாம். அப்போது எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு இப்படி நடந்தால் அவசியம் போங்கள், ரசீதை எல்லாம் பத்திரமாக எடுத்துக்கொண்டு.

அப்புறம் 2018ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஃபியஸ்டா, ஃபோக்கஸ், எக்கோஸ்போர்ட் கார்களின் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் பற்றிய புகார்களை நடத்திய விதத்துக்காக, அங்குள்ள கூட்டரசு நீதிமன்றம் ஃபோர்டுக்கு 10 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. குலுங்குகிறது என்று வந்தவர்களிடம், அது நீங்கள் ஓட்டும் விதத்தால்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். வேறு கார், வேறு நாடு, அதே வாக்கியம். அலுவலகத்தில் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

அந்த கியர்பாக்ஸின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5 கியர்களுக்கு, மற்றது 2, 4, 6க்கு. கால் மிதிப்பதற்குப் பதில் கணினி மிதிக்கிறது. கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் முழுகாமல் உலர்ந்தே இருப்பதால் எடையும் பெட்ரோல் செலவும் குறையும், ஆனால் ஊர்ந்து போகும்போது ஏறும் சூட்டை எடுத்துப்போக எதுவும் இல்லை. உள்ளே சீல் கசிந்து தட்டில் எண்ணெய் பட்டால் பிடிமானம் போய் உதறும். யோசனை கெட்டிக்காரத்தனமானதுதான். எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். என் கோபம், பழுது தெரிந்த பிறகும் பழியை ஸ்டியரிங் பிடித்தவர்மேல் போட்டதில்தான். அமெரிக்காவிலும் இதே கியர்பாக்ஸுக்காகச் சொந்தக்காரர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2020ல் சமரசத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தது.

அப்பாவிடம் இந்த வழக்கைச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு பட்டறையில் ஒரு வழக்கம் இருந்ததாகச் சொன்னார். ரயில் ஓட்டுநர் வந்து 'ஏதோ சத்தம்' என்று சொன்னால், அது என்ன சத்தம் என்று யாரும் முதலில் கேட்கமாட்டார்களாம். அவரோடு ஏறி ஒரு நடை போய் வருவார்களாம். 'ஓட்டுறவன் காதுக்குத் தெரியறது நம்ம அளவுகோலுக்குத் தெரியாது.'

லேசரை 1998ல் விற்றார். பணம் முடை இல்லை, அடித்தகடு துரு பிடித்துவிட்டது. நாலாவது நோட்டின் கடைசி எழுத்து: '14.3.98. 2,43,900. டயர் நாலும் நல்லது. வாங்கினவரிடம் பிரேக் பைப் பற்றிச் சொல்லியாச்சு. 2,800 வெள்ளி.' அதற்குக் கீழே, வேறு பேனாவில், 'சத்தம் இல்லை.'

நோட்டுகளைக் கூடத்துக்கு எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஒரு இடத்தில் நிறுத்தி, '92ல தெர்மோஸ்டாட் மாத்தினது எழுதலையே' என்று விரலால் தடவினார். பேனா கேட்டார். கொடுத்தேன். ஓரத்தில் இடம் பார்த்து, கை நடுங்க, எழுதிச் சேர்த்தார்.

சனிக்கிழமை கெப்போங்கில் என் காருக்கு எண்ணெய் மாற்ற வேண்டும். தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீண்ட ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.