நான்கு முத்து ஒரு ஸாஉ

ரமளான் 26

நோன்புக்கு முந்தைய ஸஹர் உணவுக்கு எழுந்தபோது மகளின் நெற்றி சுட்டது. ஆறு வயது. நண்பகல் லுஹர் பாங்கோடு நோன்பைத் திறந்துவிடும் அரை நோன்புக்காரி. பதினொன்று முடித்தாயிற்று, பன்னிரண்டாவதுக்காக எனக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தாள். விளக்கைப் போட்டுச் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வயிற்றில் ஏழெட்டுக் கொப்புளங்கள், நீர் கோத்துப் பளபளவென்று. சின்னம்மை.

மருத்துவர் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார். கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை வெளியே போகக் கூடாது, வீட்டுக்கும் யாரும் வரக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஐந்தாறு நாளாகலாம். விரல் விட்டு எண்ணினேன். பெருநாளுக்கு இன்னும் நான்கு நாள். பிறை தெரியாவிட்டால் ஐந்து.

"என் நோன்பு முறிந்துவிட்டதா உம்மா?" மருந்தை விழுங்கிவிட்டுக் கேட்டாள். நோயாளிக்கு விலக்கு இருக்கிறது, அதிலும் உனக்கு நோன்பு இன்னும் கடமையே ஆகவில்லை என்று விளக்கினேன். அழுகை கூடியதுதான் மிச்சம். கடமை ஆகவில்லை என்றதும் அந்தப் பதினொன்றும் கணக்கில் வராது என்று எடுத்துக்கொண்டாளாம்.

ரமளான் 27

நேற்றிரவு நிறைய ஓத வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தேன். ஓதியது குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்றான ஜுஸ்உவில் பாதி, அரிப்புக்குக் கலமைன் தடவியது ஐந்து முறை.

பகலில் அவளுடைய கைகளைச் சொறியவிடாமல் வைத்திருப்பதே வேலையாகிவிட்டது. ருபய்யிஃ பின்த் முஅவ்வித் என்ற நபித்தோழியின் நினைவு வந்தது. முஹர்ரம் பத்தாம் நாளின் ஆஷூரா நோன்பைப் பிள்ளைகளையும் நோற்க வைத்து, கம்பளியில் விளையாட்டுப் பொருள் செய்து வைத்திருந்ததாகவும், பசி என்று அழும் பிள்ளையிடம் அதைக் கொடுத்து நோன்பு திறக்கும்வரை சமாளித்ததாகவும் அவர் சொல்வது புகாரி ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. பிள்ளை பெற்றவர் சொன்னது என்று படித்தவுடனே தெரிந்துவிடும்.

அலமாரியில் மிஞ்சிக் கிடந்த கம்பளி நூலை எடுத்து ஒரு ஆடு செய்தேன். ஆடு என்று நான்தான் சொல்கிறேன். மகளுக்கு அது மேகம். மூன்று வயது மகன் எதுவும் சொல்லாமல் வாயில் வைத்துப் பார்த்தான்.

ரமளான் 28

பெருநாள் தர்மமான ஃபித்ராவுக்கு அரிசி அளந்தோம். ஆளுக்கு ஒரு ஸாஉ, பெருநாள் தொழுகைக்கு முன் கொடுத்துவிட வேண்டும். ஓரிரு நாள் முன்னதாகவே கொடுத்தால் வாங்குகிறவர்களும் பெருநாளுக்கு ஆயத்தமாகலாம். எடைபோட்டு முடித்திருக்கலாம். ஆனால் பழைய அளவு கையளவுதான் என்று போன வருடம் மகளிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். நடுத்தர உடம்புள்ள ஒருவர் இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளினால் ஒரு முத்து, நான்கு முத்து ஒரு ஸாஉ. அப்போதே 'அடுத்த வருடம் நான்தான் அளப்பேன்' என்று முன்பதிவு செய்துவிட்டாள்.

இந்த வருடம் அரிசியை அவள் தொடக் கூடாது. வாசற்படிக்கு அந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்து எண்ணிக்கொள் என்று ஏற்பாடு. அவளுடைய வாப்பா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அள்ளினார். இரு கையும் கூம்பி, மேலே மணிகள் குவிந்து, விரலிடுக்கில் நாலைந்து நழுவி விழுந்தன. "நிறையவில்லை வாப்பா, சுண்டுவிரல் பக்கம் பள்ளம்." அவர் மறுபடி அள்ளினார். நால்வருக்கும் பதினாறு முத்து. ஒன்பதாவதில் தம்பி குறுக்கே ஓட, எண்ணிக்கை குழம்பி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

நடுவில் சட்டையைத் தூக்கித் தன் வயிற்றைப் பார்த்தாள். "இதற்கும் முத்து என்றுதானே சொன்னீர்கள்? எனக்கு எத்தனை ஸாஉ வரும்?" அவருக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்தது சிந்திவிட்டது.

"நோன்பே வைக்காத தம்பிக்கும் ஃபித்ராவா?" என்று அடுத்த சந்தேகம். ஆமாம், சிறியவர் பெரியவர் எல்லோர் பேரிலும் உண்டு, நேற்றுப் பிறந்த குழந்தையாக இருந்தாலும் தகப்பன் கொடுக்க வேண்டும் என்றார் அவர். காய்ச்சலில் கிடப்பவளுக்கும் விலக்கு இல்லை என்றதும் முகம் மலர்ந்தது. மூன்று நாளில் முதல்முறையாக அவளை யாரும் எதிலிருந்தும் விலக்கவில்லை.

பிறகு தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு பங்கு 2 கிலோ 300 கிராம். அவர் கை கொஞ்சம் சிறியது. இரண்டரை முதல் மூன்று கிலோவரை கணக்குச் சொல்கிறார்கள் என்பதால், மகளுக்குத் தெரியாமல் ஒவ்வொன்றையும் மூன்றாக நிறைத்துக் கட்டினேன்.

ரமளான் 29

ஜன்னல் வழியாகப் பிறை பார்க்க முயன்றோம். மேகம். இரவு அறிவிப்பு வந்தது: பிறை தென்படவில்லை, நாளை முப்பதாவது நோன்பு.

"மேகத்துக்குப் பின்னால் இருந்தால்?"

"இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் முப்பதாகப் பூர்த்தி செய்ய வேண்டியதுதான்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அதையும் வெளியே வரக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்."

ரமளான் 30

கூடுதலாகக் கிடைத்த நாளில் முதுகுக் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்துவிட்டன. கழுத்தில் மூன்று மட்டும் இன்னும் ஈரம்.

ஷவ்வால் 1

'அல்லாஹு அக்பர்' என்ற தக்பீர் சத்தத்தில் விழித்தோம். தொழுகைக்குப் போகுமுன் பேரீச்சம்பழம் ஒற்றைப்படையில் சாப்பிடுவது நபிவழி. மகன் மூன்று தின்றான், ருசி கண்டு நான்காவதையும் எடுத்துவிட்டான். கணக்கு இரட்டைப்படை ஆகிவிட்டது என்று அக்கா விரட்டி விரட்டி ஐந்தாவதை ஊட்டினாள்.

புதுச்சட்டையின் கழுத்துப் பட்டி அந்த மூன்று கொப்புளங்களிலும் உரசியது. கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, சாயம்போன பருத்திச் சட்டைக்கே திரும்பினாள். அத்தரையும் தோலில் பட்டால் எரியும் என்று நாற்காலியில் இருந்த சட்டைக்கே தடவினாள். எங்கள் வீட்டில் இந்த வருடம் நாற்காலிதான் பெருநாள் கொண்டாடியது.

அவர் திடலுக்குப் போனார். தம்பியையும் கூட அனுப்ப முடியாது, அவன் உடம்புக்குள் அது புகுந்திருக்கிறதா என்று யாருக்குத் தெரியும். ஆகவே கூடத்தில் பாய் விரித்து நான் தொழுதேன், இருவரும் என் பக்கத்தில். பெருநாள் தொழுகையைத் தனியாகவும் தொழலாம். அதற்குப் பாங்கும் இல்லை, தொழுகை தொடங்கும்போது சொல்லும் இகாமத்தும் இல்லை. முதல் ரக்அத்தில் ஏழு தக்பீர், இரண்டாவதில் ஐந்து. மகள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தது ஓரக்கண்ணில் பட்டது, அங்கேயே எனக்குக் கணக்குத் தவறிவிட்டது. ஃபாத்திஹா அத்தியாயத்துக்கு வாய் திறக்கிறேன், பக்கத்திலிருந்து சத்தமாக: "ஆறுதான் ஆகியிருக்கிறது உம்மா." தொழுகையில் பதில் சொல்ல முடியுமா? இன்னொரு தக்பீர் சொல்லி வைத்தேன்.

நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவில் மகன் என் முதுகில் ஏறிக்கொண்டான். பேரப்பிள்ளை முதுகில் ஏறியிருந்ததால், அவர் தானாக இறங்கும்வரை நபிகளார் ஸஜ்தாவை நீட்டினார்கள் என்று நஸாயீ ஹதீஸ் தொகுப்பில் உண்டு. நானும் நீட்டினேன். இவன் இறங்குகிற வழியாக இல்லை. கடைசியில் அக்கா காலைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

பிள்ளைகளின் வாப்பா போன பாதையை விட்டு வேறு பாதையில் திரும்பி வந்தார், அதுவும் சுன்னத்துதான். மகள் வாசலில் நின்று வழி முழுதும் கேட்டாள்: எந்தத் தெரு, யார் யார் வந்தார்கள், எத்தனை பிள்ளைகள், எல்லோருக்கும் புதுச்சட்டையா. அரை மணி நேரம் சொன்னார். என்னிடம்கூட அவர் இவ்வளவு விவரமாகப் பேசியதில்லை.

உம்மும்மா, அவளுடைய பாட்டி, வீடியோ அழைப்பில் வந்தார்கள். மகள் கழுத்தைக் காட்டி, "இன்னும் மூன்று முத்து இருக்கிறது, நாலானால் ஒரு ஸாஉ" என்றாள். அவர்களுக்குப் புரியவில்லை. விளக்குவதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

ஷவ்வால் 12

ஷவ்வாலில் வைக்கும் ஆறு நோன்பில் நான்காவது எனக்கு. மாலை அஸர் தொழுகைக்குப் பின் மகனைக் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றினேன். தொப்புளுக்குப் பக்கத்தில் இரண்டு, அக்குளில் ஒன்று.

மகள் எட்டிப் பார்த்தாள், எண்ணினாள், ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். திரும்பி வரும்போது ஒரு கையில் கலமைன் குப்பி, இன்னொன்றில் காது பிய்ந்த கம்பளி ஆடு. "இது ஆடு, மேகம் இல்லை" என்று சொல்லித் தம்பியிடம் நீட்டினாள்.