மூணு நாள் உனக்கு, மூணு நாள் எனக்கு

ரஷ்யா பண்ணையடிமைங்க கதைய நேத்து நைட்டு உக்காந்து படிச்சிட்டிருந்தேன், தூக்கமே போச்சு. நிலத்தோட கட்டிப்போட்ட குடியானவங்கதான் இவங்க, நிலத்துக்குச் சொந்தக்காரனான பிரபுவோட வயல்ல கூலி இல்லாம உழணும், அதுவும் தன்னோட கலப்பை தன்னோட குதிரைய ஓட்டிட்டுப் போயி. 1797ல ஜார் முதலாம் பாவெல் ஒரு அறிக்கை விடுறாரு, ஞாயித்துக்கிழமை வேலை வாங்காதீங்க, மீதி ஆறு நாள்ல மூணு பிரபுவுக்கு மூணு குடியானவனுக்குன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கிராமத்துல போயி யாரு செக் பண்றது? அறுவடை நேரத்துல வெயில் அடிக்கிற நாளா பாத்து பிரபு எடுத்துக்கிட்டா இவன் கதிரு மழையில நனைஞ்சு முளைச்சுதான் போகும். சில பண்ணையில இவன் துண்டு நிலத்தையும் பிடுங்கிட்டு மாசாமாசம் தானியம் அளந்து போட்டு முழு வாரமும் வேலை வாங்கிருக்கானுங்க!!

சரி எதிர்த்துக் கேட்டா? சைபீரியாவுக்கு அனுப்புற அதிகாரம் 1760லேர்ந்தே பிரபு கையில. 1767ல மகாராணி கேத்தரின், பிரபு மேல புகார் குடுக்குறதே குத்தம்னுட்டாங்க. பிரெஞ்சு சிந்தனையாளர் வால்டேருக்கு லெட்டர் எழுதி அறிவொளி, பகுத்தறிவுன்னு பேசுன அதே அம்மாதான், என்னத்த சொல்ல.

1861ல விடுதலைன்னு அறிவிச்சாங்க. அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் பழைய வேலை தொடரணும், பாடுபட்ட நிலத்துக்கு 49 வருஷம் தவணை வேற கட்டணும்னு. 1905 புரட்சி வெடிச்சு ஊரே பத்தி எரிஞ்ச பிறகுதான் அந்தத் தவணைய 1907லேர்ந்து ரத்து பண்ணானுங்க.