1993 ஜூலை 31க்குப் பிறகு ஒன்ராறியோவில ஒரு புது பொடயாட்ரிஸ்டும் இல்லை

ரொறன்ரோவின்ர ஸ்காபுரோவில எங்கட தமிழ் ஆக்களோட சீனி வருத்தத்தைப் பற்றிக் கதைச்சா மருந்து வரும், சோறு குறைக்கிறது வரும், மோலுக்குள்ள நடக்கிறது வரும், காலைப் பற்றி மட்டும் கடைசியிலதான் வரும், அதுவும் புண் வந்தாப் பிறகு. அப்ப ஆரிட்டக் காட்டுறது எண்டு கேட்டா ஒருத்தர் பொடயாட்ரிஸ்ட் எண்டுவார், இன்னொருத்தர் கைரோபொடிஸ்ட் எண்டுவார், மூண்டாவது ஆள் வீட்ட வந்து நகம் வெட்டிற நேர்ஸின்ர ஃபோன் நம்பரைத் தருவார். இவையளுக்குள்ள என்ன வித்தியாசம், ஆர் எது செய்யலாம் எண்டு கேட்டா ஒருத்தரும் வடிவாச் சொல்லமாட்டினம். அதால நான் சட்டத்தையே எடுத்து வாசிச்சன். ஒன்ராறியோ கைரோபொடி சட்டம், 1991. பெரிய சட்டம் இல்லை, ஒரு தேத்தண்ணி குடிச்சு முடியிறதுக்குள்ள வாசிச்சிடலாம், ஆனா அதுக்குள்ள இருக்கிற ஒரு வசனம் என்னை விடேல்ல.

முதல்ல இந்தத் தொழில் என்ன எண்டு சட்டம் சொல்லுது: பாதத்தைச் சோதிக்கிறது, பாதத்தில வாற வருத்தங்களுக்கு வைத்தியம் செய்யிறது, வராமத் தடுக்கிறது. இது ரெண்டு பேருக்கும் பொது. பேந்துதான் பிரிக்குது. கைரோபொடிஸ்ட் பாதத்தில தோலுக்குக் கீழ இருக்கிற மெல்லிய திசுக்களை வெட்டலாம், சட்டத்துக்குக் கீழ தனியா எழுதின விதியில சொன்ன ஊசிகளைப் பாதத்தில போடலாம், விதியில சொன்ன மருந்துகளை எழுதலாம். பொடயாட்ரிஸ்ட் இதெல்லாத்தோடயும் சேர்த்து பாதத்தின்ர முன்பக்க எலும்பையும் வெட்டலாம், அதோட நோயாளிக்கு 'உங்களுக்கு இன்ன வருத்தம், அதாலதான் இப்பிடி இருக்கு' எண்டு நேர சொல்லவும் அவருக்கு உரிமை இருக்கு. கைரோபொடிஸ்டுக்கு அந்த ரெண்டும் இல்லை.

சரி, படிப்பு வித்தியாசம் எண்டா அதிகாரமும் வித்தியாசமா இருக்கட்டும், அதில எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனா சட்டம் படிப்பை வச்சுப் பிரிக்கேல்ல. 1993 ஜூலை 31க்குப் பிறகு பொடயாட்ரிஸ்ட் எண்ட வகுப்பில புதுசா ஒருத்தரையும் சேர்க்கக்கூடாது எண்டு எழுதி வச்சிருக்கு. இதுதான் அந்த வசனம். நீங்கள் அமெரிக்காவில நாலு வருசம் பொடயாட்ரி படிச்சு டொக்டர் பட்டம் எடுத்து, ஆஸ்பத்திரியில சேர்ஜரி ரெசிடென்சியும் செய்து, பிறகு ரொறன்ரோவுக்கு வந்து பதிஞ்சா கைரோபொடிஸ்டாத்தான் பதியலாம், அங்க நூற்றுக்கணக்கா வெட்டின எலும்பை இஞ்ச தொடக்கூடாது. அந்தத் திகதிக்கு முதல் பதிஞ்சவர் மட்டும் செய்யலாம். அண்டைக்கு படிச்சு முடிச்ச கையோட பதிஞ்ச ஆளுக்கே இப்ப அறுபதுக்குக் கிட்ட வயசு இருக்கும், அவை ஒவ்வொருத்தராப் பென்சன் எடுக்க அந்த வகுப்பு தானாவே இல்லாமப் போகும்.

ஏன் அப்பிடிச் செய்தவை எண்டு பாத்தா, ஒன்ராறியோவில பொடயாட்ரி படிப்பிக்கிற இடம் இருக்கேல்ல, படிச்சவை எல்லாம் அமெரிக்காவில படிச்சிட்டு வந்தவை. 1980களின்ர தொடக்கத்தில மாகாண அரசாங்கம் பிரிட்டிஷ் முறையில கைரோபொடிஸ்டுகளை இஞ்சயே படிப்பிச்சு எடுப்பம் எண்டு முடிவெடுத்து ரொறன்ரோவில படிப்பைத் துவங்கினது. அந்த நேரம் அது நியாயமான யோசனையா இருந்திருக்கலாம், சேர்ஜரி தேவையில்லாத பாதங்கள்தானே கனக்க. ஆனா அந்தப் பிரிட்டனே அங்க நிக்கேல்ல. அங்க கைரோபொடிஸ்டும் பொடயாட்ரிஸ்டும் ஒரே பதிவேட்டில ஒரே தொழில், 2013ல சட்டத்தை மாத்தி, மேலதிகமாப் படிச்ச பொடயாட்ரிஸ்டுகள் டொக்டரின்ர கையெழுத்து இல்லாமத் தாங்களே மருந்து எழுத விட்டவை. நாங்கள் ஆரைப் பாத்து எழுதினமோ அவை திருத்திக்கொண்டு போயிட்டினம்.

தூரத்துக்குப் போகத் தேவையில்லை, பக்கத்து மாகாணத்தைப் பாருங்கோ. கியூபெக்கில ட்ருவா ரிவியேர் யூனிவர்சிட்டியில 2004ல இருந்து பொடயாட்ரி டொக்டர் படிப்பு நடக்குது. அங்க படிச்ச ஒருத்தர் கட்டினோவில பொடயாட்ரிஸ்ட். ஆத்துக்கு மேல பாலத்தைக் கடந்து ஒன்ராறியோப் பக்கத்து ஒட்டாவாவுக்கு வந்து கிளினிக் திறந்தா கைரோபொடிஸ்ட். ஆள் ஒண்டு, கை ஒண்டு, படிப்பு ஒண்டு.

அந்த 'என்ன வருத்தம் எண்டு சொல்லுற' உரிமையைப் பற்றி கொஞ்சம் விரிவா எழுதவேணும், ஏன் எண்டா எலும்பு வெட்டுற விசயம் கொஞ்சப் பேருக்குத்தான், இது எல்லாருக்கும் வருது. என்ர அம்மாவுக்கு கன வருசமா டயபிடீஸ். ஒரு கைரோபொடிஸ்டிட்டக் கூட்டிக்கொண்டு போனன், நல்ல பிள்ளை, எங்கட பிள்ளைதான், மீன் தூண்டில் நூல் மாதிரி ஒரு மெல்லிய நைலோன் நூலாலை அம்மாவின்ர பாதத்தில அங்க இஞ்ச தொட்டுத் தொட்டு, தெரியுதோ தெரியுதோ எண்டு கேட்டு, உணர்ச்சி இல்லாத இடமெல்லாத்தையும் படத்தில குறிச்சவ. அம்மா கேட்டவ, "பிள்ளை, இது சீனியாலயோ?" எண்டு. அவ சொன்னவ, "அம்மா, நான் பாத்ததை உங்கட டொக்டருக்கு எழுதி அனுப்புறன், காரணத்தை அவர்தான் உங்களுக்குச் சொல்லவேணும்." அம்மா வெளியில வந்து என்னட்டக் கேட்டவ, உந்தப் பிள்ளைக்குத் தெரியாதோ எண்டு. அந்தப் பிள்ளைக்கு வடிவாத் தெரியும். ஃபமிலி டொக்டரை விட அந்தப் பாதத்தை அவதான் கூடப் பாக்கிறவ. சட்டம் அவவின்ர வாயைக் கட்டி வச்சிருக்கு.

இது சின்ன விசயம் இல்லை. சீனி வருத்தக்காரருக்கு உணர்ச்சி போன பாதத்தில சப்பாத்து கடிச்சாலும் தெரியாது, சின்னக் காயம் புண்ணாகும், கால் எடுக்கிற கேஸுகளில பெரும்பாலானது அப்பிடி ஒரு புண்ணில இருந்துதான் துவங்கிறது. தெற்காசிய ஆக்களுக்கு சீனி வருத்தம் கூட எண்டு எல்லாருக்கும் தெரியும். உங்கட நரம்பு சீனியாலதான் கெட்டிருக்கு, இனி வெறுங்காலோட நடக்காதேங்கோ எண்டு பாதத்தைக் கையில வச்சுக்கொண்டு சொல்லேக்க ஒரு கிழவி கேக்கிறதும், மூண்டு கிழமையால இன்னொருத்தர் பேப்பரைப் பாத்துச் சொல்லேக்க கேக்கிறதும் ஒண்டில்லை. காசிலயும் அந்தப் பிரிவு இருக்கு, ஓஹிப், அதாவது ஒன்ராறியோ அரசாங்கத்தின்ர மருத்துவக் காப்புறுதி, பொடயாட்ரிஸ்டுக்கு ஒரு தரத்துக்கு 7 தொடக்கம் 16 டொலர் வரை, வருசத்துக்கு 135 டொலர் மட்டும் குடுக்குது, தன்ர கிளினிக் வச்சிருக்கிற கைரோபொடிஸ்டுக்கு அதுவும் இல்லை. இருக்கிற உதவியும் குறைஞ்சுகொண்டு போற அந்தப் பொடயாட்ரிஸ்ட் கூட்டத்தோடதான் ஒட்டியிருக்கு.

இன்னொரு பக்கமும் இருக்கு. தோலுக்குக் கீழ போகாத வேலையை, நகம் வெட்டுறது, காய்ச்சுப்போன தோலை மேலால சுரண்டுறது, இதை இஞ்ச ஆரும் செய்யலாம், லைசென்ஸ் தேவையில்லை. பேரைத்தான் பாவிக்கக்கூடாது, கைரோபொடிஸ்ட், பொடயாட்ரிஸ்ட் எண்டு போட கொலிஜில, அதாவது இவையளைப் பதிஞ்சு கண்காணிக்கிற அமைப்பில, பதிஞ்சிருக்கவேணும். அந்தப் பதிவேட்டை ஒன்லைனில ஆரும் பாக்கலாம், சீனி உள்ள ஒராளின்ர காலை ஒருத்தரிட்டக் குடுக்க முதல் பேரை அதில தேடிப் பாருங்கோ, தயவுசெய்து.

இப்ப மற்றப் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேணும். எல்லைக்கோடு வேண்டாம் எண்டு நான் சொல்ல வரேல்ல. டெக்சாஸில இதே மாதிரி ஒரு சண்டை நடந்தது. அங்கத்தைச் சட்டம் பொடயாட்ரி எண்டா மனிசப் பாதத்துக்கு வைத்தியம் எண்டு சொல்லுது, பாதம் எதில முடியுது எண்டு சொல்லேல்ல. 2001ல அங்க பொடயாட்ரிஸ்டுகளுக்கு லைசென்ஸ் குடுக்கிற பொடயாட்ரி போர்ட் தானே ஒரு விதி எழுதினது, கீழ்க்கால் எலும்பு ரெண்டும் கணுவில வந்து சேருற இடமும், அதில வந்து பிடிக்கிற தசை, நரம்பு, ரத்தக்குழாயும் எல்லாம் பாதம்தான் எண்டு. எலும்பு டொக்டர்மாரின்ர சங்கமும் டெக்சாஸ் மெடிக்கல் அசோசியேஷனும் வழக்குப் போட்டினம், 2008 மார்ச்சில ஒஸ்டின் அப்பீல் கோர்ட் அந்த விதி செல்லாது எண்டு தீர்த்தது. சட்டசபை பாதம் எண்டு மட்டும் குடுத்த அதிகாரத்தை போர்ட் தன்பாட்டில பாதத்துக்கு மேலயும் நீட்டேலாது எண்டதுதான் சாரம். கணுக்காலில வேலை செய்ய பொடயாட்ரிஸ்டுக்குத் தகுதி இருக்கோ இல்லையோ அது வேற கதை, அமெரிக்காவில கனக்க மாநிலங்கள் கணுக்காலையும் சட்டத்திலயே சேர்த்திருக்கு. ஆனா ஒரு தொழில் தன்ர எல்லையைத் தானே எழுதக்கூடாது எண்டதில அந்தத் தீர்ப்பு சரி எண்டுதான் நான் நினைக்கிறன், எலும்பு டொக்டர்மார் தொழில் பொறாமையிலதான் போனவை எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம், அது பாதி உண்மையா இருந்தாலும் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

அதே நியாயத்தை இஞ்ச வச்சுப் பாத்தா, ஒன்ராறியோவில கொலிஜ் நினைச்சாலும் அந்த 1993 திகதியைத் தூக்கேலாது, அது விதியில இல்லை, சட்டத்துக்குள்ளயே இருக்கு. சட்டசபைதான் மாத்தவேணும். எனக்கு வேண்டியது கனக்க இல்லை. திகதிக்குப் பதிலாப் படிப்பை எழுதுங்கோ, இன்ன படிப்பு, இன்ன ரெசிடென்சி, இன்ன சோதினை பாஸ் பண்ணினவர் எலும்பு வெட்டலாம், மற்றவர் வெட்டக்கூடாது எண்டு, அவர் எந்த வருசம் வந்தாலும் சரி. பாதத்தில இருக்கிற வருத்தத்தின்ர பேரை, அதைப் படிச்சு லைசென்ஸ் எடுத்த கைரோபொடிஸ்ட் நோயாளிக்குச் சொல்ல விடுங்கோ. என்ர தொகுதியின்ர மாகாண சட்டசபை உறுப்பினருக்கு, எம்.பி.பிக்கு, இந்த ரெண்டையும் இங்கிலிஷில எழுதி அனுப்பியிருக்கிறன். நீங்களும் உங்கட எம்.பி.பிக்கு எழுதுங்கோ, சட்ட வசனம் ஒண்டும் தேவையில்லை, அம்மா அப்பாவின்ர காலுக்கு என்ன நடந்தது, ஆரிட்டப் போனியள், அதுக்கு எவ்வளவு நாள் எடுத்தது எண்டதை மட்டும் எழுதினாலே காணும்.