ஒரே தடம், மூன்று ஊசிகள்

பாகெல்பெல்லின் டி மேஜர் கேனனைக் கேட்கும் எவரும் அது மூன்று வயலின்களும் ஒரு பாஸ் (அடிக்குரல்) வரியும் சேர்ந்த இசை என்பதை எளிதில் உணர்ந்துவிடுவார். அந்த மூன்று வயலின்களும் ஒரே மெட்டைத்தான், சுரம் மாறாமல், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கி வாசிக்கின்றன (கேனன் என்பது இந்த அமைப்புதான்) என்பதைக் காதால் மட்டும் கண்டுகொள்வது கடினம். பல ஆண்டுகள் அதைக் கேட்டுவந்த நானும் மேற்கத்திய இசையை எழுதும் முறையான ஸ்டாஃப் நொட்டேஷனை விரித்துவைத்துப் பார்த்த பிறகே அதை முழுமையாக அறிந்தேன். நொட்டேஷன் படிக்கத் தெரியாதவரும் திரையைப் பார்த்தபடியே கேனன் நடக்கும் விதத்தைப் பின்தொடர வேண்டும் என்ற விருப்பத்தில், சில மாதங்களாக மாலை நேரங்களில் உலாவியில் ஓடும் ஓர் அசையும் வரைபடத்தை எழுதிவந்தேன். அந்த வேலையில் நான் செய்த ஒரு பிழைதான் இந்த இசையின் அமைப்பை எனக்குக் காட்டிக்கொடுத்தது என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

யோஹான் பாகெல்பெல் 1653இல் நியூரம்பெர்கில் பிறந்தவர். ஆர்கன் வாசிப்பைத் தொழிலாகக் கொண்டவர். எர்ஃபுர்ட் நகரில் வாழ்ந்த காலத்தில் யோஹான் செபாஸ்டியன் பாகின் மூத்த அண்ணனுக்கு ஆசிரியராக இருந்தவர். 1706இல் பிறந்த ஊரிலேயே மறைந்தார். இந்தக் கேனன் அச்சேறியது 1919இல்தான். 1968இல் ழான் ஃபிரான்ஸ்வா பையார் தம் இசைக்குழுவைக் கொண்டு செய்த ஒலிப்பதிவுக்குப் பிறகு அது உலகெங்கும் பரவியது.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். டி என்பதை ஆதார சட்ஜமாகக் கொண்டால், பாஸ் வரி "ச ப த க ம ச ம ப" என்ற எட்டுச் சுரங்கள். ஓர் அடிக்கு ஒரு சுரமாக, நான்கடி கொண்ட பார் இரண்டில் முடிந்து, உடனே மீண்டும் தொடங்கும். இப்படி 28 முறை, எந்த மாற்றமும் இல்லாமல். முதல் சுற்றில் பாஸ் மட்டும் ஒலிக்கிறது. இரண்டாவது சுற்றில் முதல் வயலினும், மூன்றாவதில் இரண்டாம் வயலினும், நான்காவதில் மூன்றாம் வயலினும் நுழைகின்றன. ஒரு வயலினுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தூரமும் பாஸ் ஒருமுறை சுற்றிவர எடுக்கும் நேரமும் ஒன்றே என்பதை இங்கேயே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். நான் அதை முதலில் படித்தபோது ஒரு தகவலாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

என் முதல் வரைபடம் எல்லோரும் அறிந்த வகையைச் சேர்ந்தது. காலம் இடமிருந்து வலமாக ஓடும். சுரத்தின் உயரம் திரையின் உயரமாகும். ஒவ்வொரு சுரமும் அது ஒலிக்கும் நேரத்துக்கேற்ற நீளமுள்ள பட்டை. தானே வாசிக்கும் பியானோக்களுக்கான துளைத்தாள் சுருளின் வடிவம்தான் இது. இதற்கு நிறமும் அசைவும் கொடுத்து, ஒரு சுரம் ஒலிக்கும் கணத்தில் அதன் பட்டை ஒளிரும்படி செய்து பலருக்கும் அறிமுகப்படுத்தியவர் அமெரிக்கரான ஸ்டீபன் மாலினோவ்ஸ்கி. 1980களிலிருந்து அவர் வளர்த்துவரும் மியூசிக் அனிமேஷன் மெஷினைப் பார்த்துத்தான் எனக்கே இந்த ஆசை வந்தது. நானும் முதல் வயலினுக்குச் சிவப்பு, இரண்டாவதற்கு நீலம், மூன்றாவதற்கு மஞ்சள், பாஸுக்குச் சாம்பல் என்று நிறங்களை வைத்தேன்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் கேனன் அதில் தெரியவில்லை. மூன்று வயலின்களும் ஒரே சுர எல்லைக்குள் நடப்பதால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. என் அண்ணன் மகள் வயலின் கற்கிறாள்; அவளை அருகில் உட்காரவைத்து ஓடவிட்டேன். ஐந்தாவது பாரைத் தாண்டியதும், "சித்தப்பா, ரெண்டாவது வயலின் கீழே இருந்துதானே சேர்ந்துச்சு?" என்று கேட்டாள். திரையில் நீலம் மேலே இருந்தது. கண்ணெதிரே நிறம் இருந்தும் அவள் காது சொன்னதையே நம்பினாள்; அதில் அவள் தவறு ஒன்றுமில்லை.

அந்த இடத்தை நெருங்கிப் பார்ப்பது தகும். முதல் வயலின் "க ரி ச நி த ப த நி" என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் சற்றே ஏறி நிற்கிறது. அடுத்த சுற்றில் அது "ச நி த ப ம க ம ரி" என்று வாசிக்கிறது; முதல் ஏழு சுரங்களும் முந்தைய வரியிலிருந்து இரண்டு சுரப்படி கீழே இருக்க, கடைசிச் சுரத்தில் மட்டும் வழி பிரிகிறது. அதே நேரத்தில் இரண்டாம் வயலின் மேலே "க ரி ச நி த ப த நி" என்று தொடங்குகிறது. கேட்பவர் காதில் மேல்வரி அப்படியே திரும்ப வருவதால், பழைய வயலினே மேலே தொடர்வதாகவும் புதியது கீழே துணைசேர்ந்ததாகவும் தோன்றுகிறது. உண்மையில் முன்னால் வந்தவர் தம் இடத்தை விட்டு ஒரு படி இறங்கிக்கொள்ள, பின்னால் வந்தவர் அந்த இடத்தில் அமர்கிறார். இவ்வளவு நுட்பமான ஓர் இடமாற்றத்தைக் காட்டத் தவறுகிற வரைபடம் எனக்குப் போதவில்லை.

அந்த நாட்களில்தான் பிழை வெளிப்பட்டது. திரை விநாடிக்கு 60 ஃப்ரேம் வரைகிறது. ஒரு ஃப்ரேமுக்கு 16 மில்லிவிநாடி என்று கொண்டு, ஒவ்வொரு ஃப்ரேமிலும் படத்தின் நேரத்தில் 16ஐக் கூட்டிக்கொண்டே போனேன். உண்மையில் ஒரு ஃப்ரேம் 16.67 மில்லிவிநாடி. அந்தச் சிறு வேறுபாட்டால் படம் விநாடிக்கு 40 மில்லிவிநாடி வீதம் ஒலிக்குப் பின்தங்கியது. தொடக்கத்தில் தெரியாது, ஒரு நிமிடம் கழிந்தால் இரண்டரை விநாடி தாமதம், இரண்டு நிமிடத்தில் படத்துக்கும் இசைக்கும் தொடர்பே இல்லாதபடி ஆகிவிடும். ஆனால் மூன்றரை நிமிடம் கடந்ததும் படமும் ஒலியும் மீண்டும் ஒன்றாகப் பொருந்தின! பாஸின் ஒவ்வொரு சுரமும் சரியான பட்டையில் விழுந்தது. ஒளிர்ந்த வயலின் பட்டைகளும் காதில் விழும் சுரங்களோடு ஒத்துப்போயின. தாமதம் தானாகச் சரியாகிவிட்டது என்று எண்ணும் அளவுக்கு அது துல்லியமாக இருந்தது.

மறுநாள் காகிதத்தில் கணக்கிட்டபோது விளங்கியது. நான் வைத்திருந்த வேகம் நிமிடத்துக்கு 56 அடி. எட்டு அடி கொண்ட ஒரு பாஸ் சுற்றுக்கு 8.57 விநாடி. 214ஆவது விநாடியில், அதாவது 3 நிமிடம் 34 விநாடியில், படம் சரியாக ஒரு சுற்று பின்தங்கியிருந்தது. அப்போது படத்தில் ஒளிர்ந்த சிவப்புப் பட்டை முதல் வயலின் ஒரு சுற்றுக்கு முன் வாசித்தது. அதையேதான் அந்தக் கணத்தில் இரண்டாம் வயலின் வாசித்துக்கொண்டிருந்தது. படத்தின் நீலத்தை மூன்றாம் வயலின் ஒலித்தது. பாஸோ எந்தச் சுற்றிலும் ஒன்றே. முதல் வயலின் புதிதாக வாசித்தது மட்டும் படத்தில் இல்லை. இல்லாத ஒன்றைக் கவனிக்க என் கண்ணுக்குத் தெரியவில்லை. முன்பு தகவலாகக் குறித்துவைத்த அந்தச் சம தூரத்தின் பொருள் எனக்கு அன்றுதான் புரிந்தது.

பிழையைத் திருத்துவது எளிதாக இருந்தது: ஃப்ரேம்களை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஃப்ரேமிலும், உலாவியில் ஒலியை இயக்கும் வெப் ஆடியோவின் கடிகாரத்திடமே நேரத்தைக் கேட்டுப் படத்தை வரையச் செய்தேன். இசையை அசைவோடு இணைக்கும் எவரும் முதல் நாளே செய்ய வேண்டிய காரியம் இது. ஒலியே எசமானாக இருக்க வேண்டும், படம் அதைப் பின்பற்ற வேண்டும்.

அதன்பின் நேர்கோட்டு வரைபடத்தை ஒதுக்கிவிட்டு மெட்டைச் சுருளாகச் சுற்றினேன். இசைத்தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது வெளிவிளிம்பில் தொடங்கி உள்நோக்கிச் சுழன்று செல்லும் ஒரே ஒரு தடம். அந்தத் தடத்தில் மெட்டை ஒருமுறை மட்டும் பதித்து, ஒரு பாஸ் சுற்றுக்கு ஒரு சுழற்சி என்ற வேகத்தில் தட்டைச் சுழலவிட்டு, அடுத்தடுத்த மூன்று சுற்றுகளின் மேல் மூன்று ஊசிகளை ஒரே ஆரக்கோட்டில் வைத்தால், பாகெல்பெல்லின் கேனன் அப்படியே ஒலிக்கும். உள்ளே இருக்கும் ஊசி முதல் வயலின், நடுவில் இருப்பது இரண்டாவது, வெளியே இருப்பது மூன்றாவது. பாஸின் எட்டுச் சுரங்களைத் தட்டின் விளிம்பைச் சுற்றி 45 பாகைக்கு ஒன்றாக எட்டு அகன்ற கட்டங்களாக வரைந்தேன். ஒரு கட்டம் ஊசிகளுக்கு நேரே வரும்போது, அந்த ஆரத்தில் உள்ள எல்லாச் சுரங்களும் அந்தப் பாஸ் சுரத்தோடு இணங்கியே தீர வேண்டும். ஒருவரை ஒருவர் துரத்திச் செல்வதுபோல் நேர்கோட்டில் தோன்றிய இசை, இங்கே ஒரே இடத்தில் ஒருவர் அருகில் ஒருவராக நின்று பாடுவதுபோல் தெரிந்தது. இசையமைத்தவர் தீர்க்க வேண்டியிருந்த சிக்கலும் இதுவாகத்தான் இருந்திருக்கும்: அடுத்தடுத்த எந்த மூன்று சுற்றுகளை எடுத்தாலும் அவை ஒன்றோடொன்று பொருந்துமாறு ஒரு நீண்ட மெட்டைக் கட்டுவது.

முழுத் தட்டையும் காட்டுவதில் ஒரு தடை இருந்தது. 1080 பிக்சல் திரையில், விளிம்புக்கும் நடுத்துளைக்கும் போக 400 பிக்சல் ஆரம் எஞ்சியது; மெட்டுக்கு 27 சுற்றுகள் என்பதால் ஒரு சுற்றுக்கு 15 பிக்சல்கூடக் கிடைக்காது; அதற்குள் மெட்டின் ஏற்ற இறக்கத்தை வரைந்தால் கம்பளிநூல் சிக்கல்போல் ஆகிறது. எனவே ஐந்து சுற்றுகளை மட்டும் காட்டினேன்: ஒலிப்பவை மூன்று, மூவரும் முடித்துவிட்டது ஒன்று, வரவிருப்பது ஒன்று. சுற்றுக்கு 80 பிக்சல் கிடைத்தது. தடம் வெளிப்பக்கம் வளைந்தால் சுரம் ஏறுகிறது, உட்பக்கம் வளைந்தால் இறங்குகிறது. வயலினுக்கு ஒரு நிறம் என்ற ஏற்பாட்டையும் கைவிட்டேன். இடமே வயலினைச் சொல்லிவிடுவதால், நிறத்தைச் சுரத்துக்குக் கொடுத்தேன்.

ஐந்தாவது பாரை அண்ணன் மகளுக்கு மீண்டும் காட்டியபோது அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. உள் ஊசி இரண்டாம் சுற்றுக்கு நகர, அது விட்டுச்சென்ற முதல் சுற்றின்மேல் புதிய ஊசி இறங்கி, அணைந்திருந்த தடம் மறுபடி ஒளிர்வதை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள்.

இந்த வரைபடத்தில் என் மனம் அதிகம் தங்கும் இடம், மெட்டு வேகமெடுக்கும் பகுதி. முதல் இரண்டு சுற்றுகளில் அடிக்கு ஒரு சுரம். மூன்றாவதில் அரை அடிக்கு ஒன்று. பிறகு கால் அடிக்கு ஒன்று. பின்னர் எல்லோருக்கும் நினைவிருக்கும் அந்த "ப கம ப கம" என்ற பிடி வந்து, அரைக்கால் அடிக்கு ஒன்றாகக் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து பொங்கி மேலேறுகிறது. அடர்த்தியான அந்தச் சுற்று முதலில் உள் ஊசியின்கீழ் வருகிறது, பிறகு நடு ஊசிக்கு, பிறகு வெளி ஊசிக்கு. ஒரு சுற்று ஏதாவதொரு ஊசியின்கீழ் மொத்தம் சுமார் 26 விநாடி இருக்கிறது. ஒரே வேகமான சுற்று மூன்று முறை, மூன்று வெவ்வேறு அண்டைவீட்டாரோடு ஒலிப்பதைக் கண்ணால் பார்த்தபின், இந்த இசை திரும்பத் திரும்ப வருவதாக எனக்குத் தோன்றுவதே இல்லை.

என் நிரலில் மெட்டு ஒருமுறைதான் எழுதப்பட்டிருக்கிறது. மற்றவை 0, 8, 16 அடி என்ற மூன்று எண்கள். பரோக் காலத்தவரும் கேனனைப் பெரும்பாலும் இப்படித்தான் எழுதினார்கள். கேனன் என்ற சொல்லின் பொருளே விதி. ஒரு வரியை எழுதி, மற்றவர் எங்கே நுழைய வேண்டும் என்று குறியிடுவதே போதுமானதாக இருந்தது. 1746இல் எலியாஸ் காட்லோப் ஹவுஸ்மன் வரைந்த ஓவியத்தில் பாக் கையில் பிடித்திருக்கும் தாளில் மூன்று வரிகளே உள்ளன. அது ஆறு குரல்களுக்கான கேனன்.

எல்லாக் கேனனையும் இப்படித் தட்டில் சுற்ற முடியாது. ஒரே பாஸ் அடிப்படையின்மேல் பல வடிவங்களாக பாக் எழுதிய கோல்ட்பெர்க் வேரியேஷன்களில் மூன்றாவது ஒரு கேனன். அதில் இரண்டாம் குரல் ஒரே ஒரு பார் தள்ளி நுழைகிறது, பாஸின் அடிப்படையோ 8 பாராக இரு பாதிகள் கொண்டது. அங்கே நேர்கோட்டு வரைபடமே பொருத்தம். ஆனால் 1974இல் கண்டெடுக்கப்பட்ட 14 கேனன்கள் இருக்கின்றன: கோல்ட்பெர்க் வேரியேஷன்களின் தம் சொந்த அச்சுப் பிரதியின் கடைசியில் பாக் கைப்பட எழுதியவை, "ச நி த ப க ம ப ச" என்ற எட்டு பாஸ் சுரங்களின்மேல் கட்டப்பட்டவை. அவற்றில் சிலவற்றில் ஒரு குரல் பின்னிருந்து முன்னாக நடக்கும். சுருளுக்குப் பதில் மூடிய வட்டமும், எதிரெதிர்த் திசையில் செல்லும் ஊசிகளும் வேண்டும். அதைத்தான் இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன்.

பாகெல்பெல்லின் தட்டுக்கு ஒரு முடிவு செய்ய வேண்டியிருந்தது. கேனன் தானாக நிற்காது; 57ஆவது பாரில் எல்லோரும் சேர்ந்து நிறுத்துகிறார்கள். அதற்குள் முதல் வயலின் 27 சுற்றுகளையும், இரண்டாவது 26ஐயும், மூன்றாவது 25ஐயும் வாசித்திருக்கும். ஓர் ஊசி கடந்த ஒவ்வொரு முறையும் தடம் ஒரு படி பிரகாசமாகுமாறு செய்திருக்கிறேன். கடைசிச் சுரம் ஒலித்து அடங்கும்போது படம் மெல்லப் பின்வாங்கி முழுத் தட்டையும் காட்டுகிறது. 15 பிக்சலுக்குள் மெட்டு தெரியாவிட்டாலும் ஒளி தெரிகிறது: 25 சுற்றுகள் முழு வெளிச்சத்தில், 26ஆவது சற்று மங்கலாக, நடுத்துளையை ஒட்டி, ஒரே ஒரு வயலின் மட்டும் தொட்டுச்சென்ற 27ஆவது சுற்று மெலிந்த கோடாக.