ஓட்டோவா ஆட்டோவா

மகளுக்கு இப்போது நாலரை வயது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற நேர்சரிக்குப் போகிறாள். போன வருடம் போனது வேறோர் இடம். அங்கே முதல் மாதமே கொப்பி தந்துவிட்டார்கள். இன்றைக்கு ஒரு பக்கம் முழுக்க 'அ', நாளைக்கு ஒரு பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்து. கொழும்புக் கோட்டையிலிருந்து ரயிலில் நசிபட்டு வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் அவளுடைய கையைப் பிடித்து எழுத வைப்பது என் வேலை. மூன்றாவது வரியில் அழத் தொடங்குவாள், ஐந்தாவது வரியில் நான் கத்தத் தொடங்குவேன். 'அ' எவ்வளவு சுழியும் வளைவும் உள்ள எழுத்து என்பது மூன்றரை வயதுக் கையைப் பிடித்து எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு நாள் கொப்பியைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடி, கடைசியில் இரவுச் சமையலுக்கு அரிசி எடுக்கப் போன அம்மாதான் வாளிக்குள் கண்டெடுத்தார். "விஜயதசமிக்கு அரிசியில ஏடு தொடக்கின பிள்ளை, கொப்பியையும் அரிசிக்குள்ளயே தாட்டுப்போட்டுது" என்று அவருக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் இடத்தை மாற்றினோம்.

புது நேர்சரியில் கொப்பியே இல்லை. உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு அதுவும் பிடிக்கவில்லை, காசு கட்டுகிறோம், பிள்ளை களிமண் உருட்டிவிட்டு வருகிறாளே என்று. ரீச்சரிடம் போய்க் கேட்டேன். "ஒரு நாள் காலமை வந்து இருந்து பாருங்கோவன்" என்றார். லீவு போட்டுவிட்டுப் போய் ஒரு குட்டிக் கதிரையில் குந்தியிருந்தேன்.

வாசலில் பெயர் அட்டைகள். தமிழ், சிங்களம், முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்த வகுப்பு, ஒவ்வொரு அட்டையிலும் மூன்று மொழியிலும் பெயர். வந்ததும் தன்னுடையதைத் தேடி எடுத்துக் கொழுவ வேண்டும். யாரும் எழுத்துக் கூட்டவில்லை, முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காண்பதுபோலப் பெயரை அடையாளம் காண்கிறார்கள். பிறகு வட்டமாக இருந்து கை தட்டினார்கள். கொ, ழும், பு. மூன்று தட்டு. பஸ், ஒரு தட்டு. வாழைப்பழம், நாலு. பெயர் நீளமான ஒரு பொடியனுக்கு ஆறு தட்டு விழுந்ததில் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எழுத்தைக் கண்ணால் பார்க்க முதல் சொல்லைக் காதால் உடைக்கப் பழகுகிறார்கள் என்று ரீச்சர் சொன்னபோதுதான் அது சும்மா விளையாட்டு இல்லை என்று உறைத்தது.

அப்புறம் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள். இரண்டு விரலால் தடவிக்கொண்டே ஓசையைச் சொல்ல வேண்டும், 'கானா' என்று பெயரை இல்லை, 'க' என்று. கொழும்பில் எந்த நேர்சரியைக் கேட்டாலும் மொண்டிசோரி என்பார்கள், அது ஒரு மனுசியின் பெயர் என்பதே எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் தெரியும். 1907இல் ரோமில் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மொண்டிசோரியின் முறைதான் இந்த உப்புத்தாள் எழுத்தும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நாங்கள் முத்தத்து மணலில விரல் தேய எழுதினது மட்டும் என்னவாம்?" என்றார். பதில் இல்லை.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு ரீச்சர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "எழுத வைக்காதேங்கோ, வாசிச்சுக் காட்டுங்கோ." அதனால் இப்போது படுக்க முதல் பத்து நிமிடம், அவ்வளவுதான். புத்தகம் அவள் மடியில், தாளைத் திருப்புவதும் அவள்தான். ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்பக் கேட்பாள், சலிப்பு எனக்குத்தான். வரியின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்தினால் அவள் சொல்லி முடிப்பாள். அது வாசிப்பு இல்லை, மனப்பாடம்தான். பரவாயில்லை.

247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்கு வரவேண்டும் என்று நினைத்திருந்தேன், அதுவும் பிழை. ட, ப, ம மூன்றும், கூட ஒரு புள்ளியும் இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். மிச்சத்தைத் தெரு பார்த்துக்கொள்கிறது. காலி வீதியில் 100 ஆம் நம்பர் பஸ்ஸில் பாணந்துறை என்று கண்டதும் "அப்பாவில இருக்கிற பா!" என்று கத்தினாள். அடுத்த கேள்வி, படத்துக்கும் அதே ப, பஸ்ஸுக்கும் அதே ப, ஏன் சத்தம் வேற? இங்கிலீஷில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து என்று நேர்சரியில் படித்தவள் கேட்கிறாள். தமிழில் ஒன்றுதான், வாய்தான் மாற்றிக்கொள்ளும் என்று சமாளித்தேன். கொழும்பு என்பதை 'கெ… ஆ…' என்று இழுத்தபோது மனைவிதான் காப்பாற்றினார்: கொம்பும் (ெ) அரவும் (ா) இரண்டு பக்கமும் நின்று க-வின் கையைப் பிடித்திருக்கின்றனவாம்.

இரண்டு கிழமையாக வாசிப்பது இந்தியாவில் அச்சான ஒரு படப் புத்தகம். அதில் ஒரு மஞ்சள் ஆட்டோ வருகிறது. எங்கள் வாயில் அது ஓட்டோ, யோசிக்காமலே ஒவ்வொரு இரவும் ஓட்டோ என்றுதான் வாசித்திருக்கிறேன். நேற்று விரலை முதல் எழுத்தில் வைத்து நிறுத்திவிட்டாள்.

"அப்பா, பிழையா வாசிக்கிறீங்கள். இது ஆ."

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. இந்தியாவில் ஆட்டோ என்றுதான் சொல்லுவார்கள் என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்தாள். "ஆனா இது ஓட்டோ" என்றுவிட்டுப் படுத்துவிட்டாள்.

காலையில் பார்த்தால் அந்தப் பக்கத்தில், ஆ-வுக்கு மேலே, பென்சிலால் பெரிதாக ஒரு ஓ. சுழி மறுபக்கம் திரும்பியிருக்கிறது. யாரும் கையைப் பிடிக்காமல் அவள் எழுதிய முதல் எழுத்து.

புத்தகம் பொது நூலகத்தில் எடுத்தது. சனிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.