அப்பாவை கேலியம் ஸ்கேனுக்கு அழைத்துப் போனது

அப்பாவுக்கு வயது 71. பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனையில் 19 என்று வந்து, பயாப்ஸியில் புராஸ்டேட் புற்றுநோய் உறுதியானது. ஆபரேஷனுக்கு முன்னால், நோய் எலும்புக்கோ நிணநீர் முடிச்சுக்கோ போயிருக்கிறதா என்று தெரிய வேண்டும், கோவையில் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்றார் டாக்டர். கேலியம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த மருந்தை ஊசியில் ஏற்றி, புற்று எங்கே இருக்கிறது என்று படம் எடுப்பதுதான் இது.

எலும்பு ஸ்கேனும் சிடி ஸ்கேனும் போதாதா, செலவு குறையுமே என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். 2020இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றை டாக்டர் சொன்னார். 302 பேரைப் பார்த்ததில் பிஎஸ்எம்ஏ ஸ்கேனின் துல்லியம் 92 சதவீதம், அந்தப் பழைய இரண்டும் சேர்ந்து 65. அதன் பிறகு சித்தப்பாவே பணம் கொண்டுவந்து கொடுத்தார்.

கோத்தகிரியிலிருந்து விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். வெறும் வயிறு வேண்டாம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அப்பாவால் சிறுநீரை அரை மணி நேரம்கூட அடக்க முடியாது. இருட்டில், பனியில், மலைப்பாதையில் எங்கே நிறுத்துவது? அதனால் மேட்டுப்பாளையம் வந்த பிறகுதான் பாட்டிலைத் திறந்தோம். மலையிலிருந்து போகிறவர்கள் இப்படியே செய்யுங்கள்.

ஒன்பதரை மணிக்கு, இன்றைக்கு ஊசி கிடையாது, வேறு நாள் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. அங்கே வேலை செய்யும் ஒரு தம்பிதான் உட்கார வைத்து விளக்கினார்.

இந்த மருந்து அலமாரியில் இருப்பதில்லை. ஈயக் கவசத்துக்குள் ஜெர்மேனியம் 68 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. அது பாதியாகக் குறைய 271 நாள் ஆகும். குறையக் குறைய கேலியம் 68 ஆக மாறிக்கொண்டே இருக்கும். காலையில் அமிலத்தை உள்ளே விட்டு அந்த கேலியத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். 'கறக்கிறோம்' என்றுதான் அந்தத் தம்பி சொன்னார். கறந்ததை பிஎஸ்எம்ஏ 11 என்ற மூலக்கூறோடு சூடாக்கிச் சேர்க்க வேண்டும். புராஸ்டேட் புற்று செல்களின் மேல் நிறைய இருக்கும் ஒரு புரதத்தை அந்த மூலக்கூறு போய்ப் பிடித்துக்கொள்ளும். கேலியம் சரியாக ஒட்டியிருக்கிறதா, அமிலத்தன்மை சரியா என்று சோதித்த பிறகே ஊசி. அன்றைக்குச் செய்தது சோதனையில் தேறவில்லை. ஒட்டாத கேலியத்தை ஏற்றினால் படம் நம்பும்படி வராது.

மருந்தையாவது மேலே ஊட்டிக்கோ கோத்தகிரிக்கோ கொண்டுவரக் கூடாதா என்று கேட்டேன். கேலியத்துக்கு 68 நிமிடத்தில் பாதி போய்விடுமாம். கோவையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர இரண்டரை மணி நேரம். வந்து சேரும்போது கால் பங்குகூட இருக்காது. கேலியத்துக்குப் பதில் ஃப்ளோரின் 18 சேர்த்த மருந்து பாதியாக 110 நிமிடம் ஆகும் என்பதால் அதை வெளியூருக்கு அனுப்ப ஓரளவு முடியும் என்றார். கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. ஆனாலும் அப்பாவைத் திரும்ப மலையேற்றிக் கூட்டிவந்த அந்தப் பகல் மறக்கவில்லை.

அடுத்த வாரம் பதினொன்றரைக்கு ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரம் தனி அறையில் உட்கார வைத்தார்கள். மருந்து சிறுநீரில்தான் வெளியேறுகிறது, சிறுநீர்ப்பைக்குப் பக்கத்திலேயே புராஸ்டேட் இருக்கிறது. அதனால் படுப்பதற்குச் சற்று முன்னால் கழிப்பறைக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் அரை மணி நேரத்துக்குள் முடிந்தது.

படத்தைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் பளிச்சென்று எரிந்தது. அது உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீரகமும் அப்படித்தான் தெரியும், எல்லோருக்கும் இயல்பாக வருவது என்றார் டாக்டர். முதல் முறை பார்ப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அறிக்கை வந்தது: நோய் புராஸ்டேட்டைத் தாண்டவில்லை.

வீட்டில் தங்கையின் ஐந்து மாதக் குழந்தை இருந்தது. அப்பா உடம்பில் கதிரியக்க மருந்து இருப்பதால், குழந்தையிடமிருந்து சில மணி நேரம் தள்ளியிருந்தால் போதும் என்றுதான் சொன்னார்கள். நாங்கள் வீடு சேர்ந்தபோது ஊசி போட்டு ஏழு மணி நேரம் ஆகியிருந்தது, கேலியம் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் மிச்சம். அப்பா கேட்கவில்லை. அன்று ராத்திரி முன்னறையிலேயே படுத்துக்கொண்டு, காலையில் குளித்துவிட்டு வந்துதான் பேத்தியைத் தூக்கினார்.