பணம் யார் கையில், பட்டா யார் கையில்: பத்தாங் பெர்ஜுந்தையில் நாங்கள் வீடு வாங்கிய கதை

பெஸ்தாரி ஜெயா என்று 2007-இல் பெயர் மாறிவிட்டாலும், தோட்டத்து ஆட்களுக்கு இன்னமும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவின் சிலாங்கூரில், செம்பனைக்கு நடுவே இருக்கும் இந்த ஊரில் 2023-இல் ஒரு பழைய தரைவீட்டை 250,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினோம். லயத்து வீட்டில் வளர்ந்த எங்கள் குடும்பத்தில் பட்டாவைக் கையால் தொட்ட முதல் ஆள் நான்தான். அதனால் லாயர் ஆபீசில் வந்து விழுந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: இந்த நேரத்தில் பணம் யார் கையில் இருக்கிறது, பட்டா யார் கையில் இருக்கிறது?

முதலில் புக்கிங். விலையில் 2 விழுக்காடு, அதாவது 5,000 வெள்ளியை ஏஜென்ட் நிறுவனத்திடம் கட்டினோம். கடன் கிடைக்காவிட்டால் இதைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி கடிதத்தில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து போட்டேன். எஸ்பிஏ எனும் விற்பனை ஒப்பந்தம் போடும்போது மீதி 8 விழுக்காடு, 20,000 வெள்ளி. பாக்கி 90 விழுக்காடு வங்கிக் கடன்.

வங்கி என் சம்பளத்தை மட்டும் வைத்து 225,000 வெள்ளி தர யோசித்தது. இன்னொரு பெயர் வேண்டும் என்றார்கள். ஜாமீன் என்ற சொல்லைக் கேட்டதுமே மாமா எழுந்து வெளியே போய்விட்டார். ஜாமீன் போட்டுத் திவாலான ஆட்களை அவர் தோட்டத்தில் பார்த்தவர். 2017 அக்டோபரில் சட்டம் மாறிவிட்டது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கு, லாபம் எதிர்பார்க்காமல் ஜாமீன் போட்டவரை இப்போது திவாலாக்க முடியாது. ஆனால் அவரிடம் கடனைக் கேட்டு வழக்குப் போட முடியும். இதை எவ்வளவு எடுத்துச் சொல்லியும் மாமா மசியவில்லை. சரி என்று என் மனைவியே கூட்டுக் கடனாளியாகச் சேர்ந்தார். இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: கூட்டுக் கடன் என்றால் ஆளுக்குப் பாதி என்று அர்த்தமில்லை, முழுத் தொகையையும் இருவரில் யாரிடமும் வங்கி கேட்கலாம். பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையில் இருவருடைய 12 மாதக் கடன் வரலாறும் இருந்தது. என் பிடிபிடிஎன் படிப்புக் கடன்கூட அதில் வந்திருந்தது.

வீடு 99 ஆண்டுக் குத்தகை நிலம். பட்டாவில் ‘செகாத்தான் கெபெந்திஙான்’, அதாவது உரிமைக் கட்டுப்பாடு என்ற பகுதியில், மாநில அரசின் அனுமதி இல்லாமல் கைமாற்றக் கூடாது என்று எழுதியிருந்தது. அதனால் பாக்கிப் பணத்தைக் கட்ட எங்கள் ஒப்பந்தம் தந்த 3 மாதக் கெடு, அந்த அனுமதி கிடைத்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கியது. அதற்கு மேல் ஒரு மாதம் கூடுதல் உண்டு, ஆனால் ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டியோடு. கடன் பணம் முழுவதும் பாக்கி என்றால் நாளுக்கு ஏறத்தாழ 49 வெள்ளி. வங்கி தாமதித்தாலும் அந்த வட்டி என் தலையில்தான், அதனால் கடன் ஆபீசரை அடிக்கடி போன் போட்டு நச்சரித்தேன்.

காத்திருந்த அந்தக் காலத்தில் என்னைக் காத்தது கேவியட். அதை 19பி பாரத்தில் நில அலுவலகத்தில் பதிந்தார்கள். 6 ஆண்டுவரை செல்லும் அது இருக்கும்வரை, வீட்டை வேறு யாருக்கும் மாற்றி எழுத முடியாது. வாசலில் போட்ட பூட்டு மாதிரி.

வீட்டை விற்ற அங்கிளுக்கும் பழைய கடன் இருந்தது, அதனால் அவர் பட்டா அவருடைய வங்கியில் இருந்தது. எங்கள் வங்கி முதலில் அந்தக் கடனை அடைத்தது. அப்புறம் அவருடைய வங்கி 16என் பாரத்தில் அடமானத்தை விடுவித்து, பட்டாவை எங்கள் லாயரிடம் தந்தது. அந்த 16என், பெயர் மாற்றும் 14ஏ, எங்கள் வங்கிக்கு அடமானம் எழுதும் 16ஏ ஆகிய மூன்றும் கோலசிலாங்கூர் நில அலுவலகத்தில் ஒன்றாகப் போயின. அதன்பிறகே அங்கிளுக்கு மீதிப் பணம் விடுவிக்கப்பட்டது.

அங்கிளுக்கு ஒரு கோபம் இருந்தது. “தம்பி, என் காசுல 7,500 வெள்ளிய உங்க லாயர் ஏன் பிடிச்சு வைக்கணும்?” அது விலையில் 3 விழுக்காடு, வீடு விற்ற லாபத்துக்கு விற்பவர் கட்டும் நில ஆதாய வரிக்காக. அதை 60 நாளுக்குள் வாங்குபவரின் லாயர் வருமான வரி வாரியத்துக்குக் கட்டியாக வேண்டும். அங்கிள் அந்த வீட்டை வாடகைக்கு விடுவதற்காக வாங்கி நான்காம் ஆண்டு நடந்தது, எனவே ஆதாயத்தில் 20 விழுக்காடு வரி. ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் மலேசியக் குடிமகனுக்கு அந்த விகிதம் பூஜ்யம். இதைக் கேட்டதும் அவர் முகம் இன்னும் வாடிவிட்டது.

முத்திரை வரி மட்டும் எங்களுக்கு இனிப்பான சமாச்சாரம். முதல் 100,000-க்கு 1, அடுத்த 150,000-க்கு 2 விழுக்காடு என்று பெயர் மாற்றத்துக்கு 4,000 வெள்ளியும், கடன் பத்திரத்துக்கு 0.5 விழுக்காடு என்று 1,125 வெள்ளியும் வந்திருக்கும். இருவருக்கும் இதுதான் முதல் வீடு, விலையும் 500,000 வெள்ளிக்குள் இருந்ததால் இரண்டுமே விலக்கு.

யுனிசெல் பல்கலைக்கழக மாணவர்கள் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்ததால், ‘காலி வீடாக ஒப்படைக்க வேண்டும்’ என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னேன். அது இல்லையென்றால் சாவியோடு குடித்தனக்காரர்களும் சேர்ந்தே வருவார்கள். சாவி வாங்கிய அதே வாரம் நகராண்மைக் கழகத்துக்குப் போய் வீட்டு வரியில் பெயரை மாற்றினோம். போகும் முன் பழைய பாக்கி எதுவும் இல்லை என்பதை அங்கிளின் ரசீதுகளில் சரிபார்த்துக்கொண்டேன். பட்டா இப்போது என் பெயரில், ஆனால் இருப்பது வங்கியில்.